28 வயதில் ஆராய்ச்சி: ஈ லேபா, ரத்த சாம்பிள் லேபா?

வாசகி கடிதம் (சுருக்கி வெளியிடப்படுகிறது):

எம்.எஸ்சி. ஜெனெடிக்ஸ் முடித்துவிட்டு மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான்கு ஆண்டுகளாகக் கேரியோடைப் (மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களை எண்ணி, வடிவம் பார்க்கும் டெஸ்ட்) பார்க்கிறேன். போன வருடம் ஒரு ஆறு மாதக் குழந்தையின் ரத்தம் வந்தது. உடம்பு துவண்டு கிடக்கிறது, பால் உறிஞ்சத் தெம்பில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் பார்த்தவரை 46 குரோமோசோமும் சரியாக இருந்தன. டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் டெஸ்டுக்கு வெளியூர் அனுப்பினார்கள், பிராடர்-வில்லி என்ற பிறவி நோய் என்று வந்தது. ரிப்போர்ட் வாங்க வந்த அம்மா என்னிடம், "மாசமா இருக்கும்போது வீட்டுல ஒரே சண்டைம்மா, அழுதுக்கிட்டே இருந்தேன். அதனாலயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குத்தான் மறுபடி படிப்பது என்று முடிவு செய்தேன். இப்போது பிஎச்.டி.க்கான சி.எஸ்.ஐ.ஆர். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்திருக்கிறது, இரண்டு லேபில் இடம் தருகிறார்கள். ஒன்று பெரிய லேப். கர்ப்பிணிகளின் மன உளைச்சல் எபிஜெனெடிக்ஸ் (டி.என்.ஏ. எழுத்து மாறாமலே ஜீன்கள் அணைவதும் வேலை செய்வதும்) வழியாகப் பேரப்பிள்ளைகள் வரை போகிறதா என்று ரத்த சாம்பிளில் பார்க்கிறார்கள். இன்னொன்று சின்ன லேப். பழ ஈயில் ஜீன்கள் எப்படி அணைக்கப்படுகின்றன என்று பார்க்கிறார்கள். "ஈயை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், அதெல்லாம் பழைய ஜெனெடிக்ஸ்" என்கிறார்கள் நண்பர்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு. எனக்கு 28 வயது. லேட் ஆகிவிட்டதா? எந்த லேபில் சேரட்டும்?

பதில்:

அந்த அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எந்த லேப் என்பதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அவர் அழுததால் அது வரவில்லை. சண்டையாலும் வரவில்லை. 15-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், சென்ட்ரோமியரை (குரோமோசோமின் இடுப்புப் பகுதி) ஒட்டி 11 முதல் 13 வரையான பட்டைகள் உங்களுக்குத் தெரியும். அங்கே சில ஜீன்கள் அப்பாவிடமிருந்து வந்த பிரதியில் மட்டும்தான் வேலை செய்கின்றன. அம்மாவின் பிரதியில் அதே ஜீன்கள் அணைந்திருக்கும், அந்தக் கட்டுப்பாட்டு இடத்தில் மெத்தில் குறிகள் இருக்கும். அப்பா வழிப் பிரதி இல்லாமல் போனால் பிராடர்-வில்லி. அதே பகுதியில் அம்மா வழிப் பிரதி போனால் ஏஞ்சல்மன், முற்றிலும் வேறு நோய். மெத்திலேஷன் டெஸ்ட் பார்ப்பது இதைத்தான்: இரண்டு வகைப் பிரதிகளும் இருக்கின்றனவா, ஒன்று மட்டும்தானா? பிராடர்-வில்லியில் 99 சதவீதத்துக்கும் மேல் இந்த ஒரு டெஸ்டிலேயே பிடிபட்டுவிடும்.

சரி, அப்பா வழிப் பிரதி ஏன் இல்லாமல் போனது? அந்த ரிப்போர்ட் அதைச் சொல்லாது. பத்தில் ஆறு ஏழு குழந்தைகளில் அப்பாவின் விந்தணு உருவாகும்போது அந்தத் துண்டு, ஏறக்குறைய 50 முதல் 60 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள், தற்செயலாக விடுபட்டுப் போயிருக்கும். கேரியோடைப்பில் அது உங்கள் கண்ணுக்குத் தப்பியதில் ஆச்சரியமில்லை, வழக்கமான பட்டைகளில் அவ்வளவு சின்ன விடுபாடு தெளிவாகத் தெரியாது. இருபது முப்பது சதவீதத்தில் துண்டு எதுவும் விடுபட்டிருக்காது, ஆனால் இரண்டு 15-ஆம் குரோமோசோமும் அம்மாவிடமிருந்தே வந்திருக்கும். மிகச் சிலரில் மட்டும் குறிகளை மாற்றி எழுதும் முத்திரை மையத்திலேயே கோளாறு. அந்தச் சிலரிலும் சில குடும்பங்களில் அப்பா தன்னுடைய அம்மாவிடமிருந்து ஒரு நுண்ணிய விடுபாட்டைப் பெற்றிருப்பார். அவருக்கு அது அம்மா வழிப் பிரதி, அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. தன் குழந்தைக்கு அதைக் கொடுக்கும்போதுதான் குறியை 'அப்பா வழி' என்று மாற்றி எழுத முடியாமல் போகிறது.

முதல் இரண்டு வகையிலும் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 100-இல் 1-க்கும் குறைவு. கடைசியாகச் சொன்ன வகையில் பாதிக்குப் பாதி. மூன்றிலும் மெத்திலேஷன் ரிப்போர்ட் ஒரே மாதிரிதான் இருக்கும். "இன்னொரு குழந்தை பெத்துக்கலாமா?" என்று அந்த அம்மா அடுத்துக் கேட்டிருந்தால், உங்கள் கையில் இருந்த தாளை வைத்து யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது. குறிக்குக் கீழே இருக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது இதுதான். எபிஜெனெடிக்ஸ் என்ற பெயரைப் பார்த்து லேபைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜெனெடிக்ஸை விரல் நுனியில் கற்றுத் தரும் இடத்தில் சேருங்கள், எபிஜெனெடிக்ஸ் அதன்மேல்தான் நிற்கும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த இடம் ஈ லேப்.

பெரிய லேப் வேண்டாம் என்று நான் சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. என்னுடைய பிஎச்.டி. இரண்டாம் ஆண்டில் எட்டு மாதம் ஒரு பொய்யான ரிசல்டின் பின்னால் ஓடினேன். மெத்திலேஷன் பார்க்க டி.என்.ஏ.வை பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தில் போடுவோம். குறி இல்லாத சைட்டோசின் ('சி' எழுத்து) எல்லாம் யுராசிலாக மாறும், மெத்தில் குறி உள்ளவை சைட்டோசினாகவே நிற்கும். பிறகு சீக்வென்ஸ் செய்தால், 'சி' என்று தெரியும் இடமெல்லாம் குறி உள்ள இடம். கேட்கச் சுலபம்தான். ஆனால் டி.என்.ஏ. இரண்டு இழையும் சரியாகப் பிரியாவிட்டாலோ, சாம்பிளில் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலோ, குறி இல்லாத சைட்டோசினும் மாறாமல் நின்றுவிடும். அதுவும் 'சி' என்றுதான் தெரியும். என் நோயாளி சாம்பிள்கள் எல்லாவற்றிலும் மெத்திலேஷன் கூடுதலாக வந்தது. கிராஃப் அவ்வளவு அழகாக இருந்தது. லேப் மீட்டிங்கில் காட்டினேன், எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பியாகிவிட்டது.

அப்புறம் ஒரு சீனியர் அக்கா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லாம்ப்டா எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். லாம்ப்டா என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் டி.என்.ஏ., மெத்தில் குறி இல்லாமல் விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு குழாயிலும் அதைத் துளி சேர்த்துவிட்டால், கடைசியில் அதில் எத்தனை 'சி' மிச்சம் நிற்கிறது என்று பார்த்தே மாற்றம் முழுமையாக நடந்ததா என்று சொல்லிவிடலாம். நான் சேர்க்கவில்லை. சேர்த்து மறுபடி செய்தேன். நோயாளி சாம்பிள்களை மட்டும் பழைய முறையில் பிரித்தெடுத்திருந்தேன், அவற்றில்தான் புரதம் தங்கியிருந்தது. சுத்தம் செய்து ஓட்டியபோது வித்தியாசம் ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கு விடுதிக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தது நன்றாக நினைவிருக்கிறது. மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். அந்த அக்கா கேட்காமல் விட்டிருந்தால் என் பெயரில் ஒரு தப்பான பேப்பர் இன்றைக்கும் இருக்கும்.

இது குழாயில் நடக்கும் தப்பு. ரத்த சாம்பிளில் இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. ரத்தம் ஒரே வகைச் செல் இல்லை. வெள்ளணுக்களிலேயே நியூட்ரோஃபிலுக்கு ஒரு மெத்திலேஷன் வரிசை, லிம்ஃபோசைட்டுக்கு வேறொன்று. மன உளைச்சலில் இருப்பவருக்கு, சளி பிடித்தவருக்கு, புகைபிடிப்பவருக்கு இந்தச் செல்களின் விகிதம் மாறும். எந்த ஒரு செல்லிலும் ஒரு குறிகூட மாறியிருக்காது, ஆனால் மொத்த ரத்தத்தை அளந்தால் 'மெத்திலேஷன் மாறிவிட்டது' என்று வரும். போதாததற்கு, ஒருவருக்கு ஒருவர் டி.என்.ஏ. எழுத்து மாறினாலே பக்கத்தில் இருக்கும் மெத்திலேஷனும் பல இடங்களில் மாறுகிறது. பாட்டி, அம்மா, பேத்தி மூவருக்கும் ஒரே மாதிரி குறி இருந்தால் உளைச்சல் கடந்து வந்ததாகச் சொல்ல முடியாது. அந்த எழுத்தே பரம்பரையாக வந்திருக்கலாம்.

'பேரப்பிள்ளை வரை' என்ற கணக்கையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணி ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றால் அந்த நேரத்தில் மூன்று தலைமுறை அங்கே இருக்கிறது: அவர், வயிற்றில் இருக்கும் சிசு, அந்தச் சிசுவின் உடலில் உருவாகிக்கொண்டிருக்கும் முட்டை செல்கள். மூன்றுமே நேரடியாகப் பாதிக்கப்பட்டவை. குறி 'பரம்பரையாகக் கடந்தது' என்று சொல்ல நான்காவது தலைமுறையில், கொள்ளுப்பேத்தியிடம், காட்ட வேண்டும். நடுவில் பாலூட்டிகளில் மெத்திலேஷன் இரண்டு முறை பெருமளவு துடைக்கப்படுகிறது, கருத்தரித்த உடனே ஒரு முறை, இனச்செல்கள் உருவாகும்போது இன்னொரு முறை. அதைத் தாண்டி எது நிற்கிறது என்பது எலியிலேயே கஷ்டப்பட்டுக் காட்ட வேண்டிய விஷயம்.

மனிதர்களில் நல்ல வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பட்டினி. அப்போது கருவில் இருந்தவர்களை அறுபது ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்து, ஐ.ஜி.எஃப்.2 என்ற ஜீனின் மெத்திலேஷனை அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். பட்டினிக்குள் கருவானவர்களிடம் அது சற்றுக் குறைவாக இருந்தது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது ஒப்பீடுதான். ஒவ்வொருவரையும் பட்டினிக்கு வெளியே பிறந்த சொந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கையோடு ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பெற்றோர் என்பதால் மரபணு வித்தியாசமும் வளர்ப்பு வித்தியாசமும் பெருமளவு அடிபட்டுப்போகும். அவர்கள் பேசியதும் கருவில் இருந்தவர்களைப் பற்றி மட்டும்தான், பேரப்பிள்ளைகளைப் பற்றி இல்லை. பெரிய லேபுக்காரர்கள் இப்படி உடன்பிறந்தோரை வைத்து ஒப்பிடுகிறார்களா, செல் விகிதத்தைக் கணக்கில் எடுக்கிறார்களா, சாம்பிள் கொடுத்தவர்களின் டி.என்.ஏ. எழுத்தையும் படிக்கிறார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் என் மனதை மாற்றிக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஆராய்ச்சி பத்திரிகைக்குப் போகும்போது 'அம்மாவின் கவலை குழந்தையைப் பாதிக்கும்' என்றுதான் தலைப்பு வருகிறது. அடித்த கணவனைப் பற்றியோ வீட்டில் சோறு இல்லாததைப் பற்றியோ தலைப்பு வருவதில்லை. உங்கள் கவுண்டரில் நின்ற அம்மாவுக்கு 'நான் அழுததாலா?' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் ஊர்ப்பேச்சிலிருந்து, கொஞ்சம் இப்படிப்பட்ட செய்திகளிலிருந்து. ஆதாரம் உறுதியாவதற்கு முன்பே அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வேலையில் நீங்கள் போய்ச் சேர்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இப்போது ஈ. 'பழைய ஜெனெடிக்ஸ்' என்று சொன்ன நண்பர்களுக்கு ஒரு ஈயின் கண்ணைக் காட்ட ஆசையாக இருக்கிறது. 1930-இல் ஹெர்மன் முல்லர் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே அடித்த ஈக்களில் சிலவற்றின் கண் சிவப்பாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. சிவப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தது. கண் நிறத்துக்கான ஜீனில் ஒரு எழுத்தும் கெடவில்லை. குரோமோசோம் உடைந்து திரும்பி ஒட்டியதில் அந்த ஜீன் இடம் மாறி, இறுக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. சில செல்களில் அந்த இறுக்கம் பரவி ஜீனை அணைத்துவிடுகிறது, சில செல்களில் பரவுவதில்லை. ஒரு செல் அணைந்தால் அதன் வாரிசுகளும் அணைந்தே இருக்கின்றன, அதனால்தான் திட்டுத் திட்டாக. இதுதான் எபிஜெனெடிக்ஸ், கண் முன்னால், மைக்ராஸ்கோப்பில் பார்த்த உடனே தெரிகிறது.

பிறகு வந்தவர்கள் அந்த ஈக்களில் விகாரங்களை, அதாவது ஜீன் கெட்டதால் வரும் மாற்றங்களைத் தேடினார்கள். எந்த ஜீன் கெட்டால் கண் மறுபடி முழுச் சிவப்பாகிறது? அப்படி அகப்பட்ட ஜீன்களில் ஒன்றின் மனிதப் பிரதியை எடுத்துப் பார்த்தபோதுதான், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் குறி போடும் என்சைம் அது என்று 2000-இல் தெரிந்தது. பாலிகாம்ப் என்ற ஜீனின் கதையும் இதே மாதிரிதான். ஆண் ஈக்கு முன்னங்காலில் மட்டும் சீப்பு போல ஒரு வரிசை முடி இருக்கும். 1947-இல் விவரிக்கப்பட்ட ஒரு விகாரத்தில் அந்தச் சீப்பு பின்னங்கால்களிலும் முளைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஜீன்களை அணைத்தே வைத்திருக்கும் ஒரு புரதக் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் மனிதர்களிடம் இருக்கும் ஒரு உறுப்பினர் ஈ.இசட்.எச்.2. அதைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் என்ற மருந்துக்கு ஒரு அரிய வகைப் புற்றுநோய்க்காக 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈயின் கால் முடியை எண்ணியவர்கள் யாரும் மருந்தை நினைத்து எண்ணவில்லை.

ஈயில் ஒரு தலைமுறைக்கு 25 டிகிரியில் பத்து நாள். இன்றைக்கு ஒரு யோசனை வந்தால் ஒரு மாதத்தில் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தப்பு செய்து, கண்டுபிடித்து, திருத்தி, மறுபடி செய்ய ஐந்து ஆண்டுக்குள் உங்களுக்கு எத்தனையோ தடவை வாய்ப்பு கிடைக்கும். ரத்த சாம்பிள் லேபில் ஐந்து ஆண்டும் ஒரே டேட்டாவோடு போய்விடலாம்.

வயதைப் பற்றி. டெனிஸ் பார்லோ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி முதலில் நர்ஸாக வேலை பார்த்தவர். இருபதுகளின் நடுவில்தான் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கவே போனார். 1991-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், அம்மா வழிப் பிரதி மட்டும் வேலை செய்யும் ஒரு ஜீனை எலியில் கண்டுபிடித்தார். இப்படிப் பெற்றோர் முத்திரை பதிந்த ஜீன்களில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட சிலவற்றில் அது ஒன்று. எதை வைத்துக் கண்டுபிடித்தார் தெரியுமா? வால் வளைந்த ஒரு பழைய எலி விகாரத்தை வைத்து. அந்த விடுபாடு அம்மாவிடமிருந்து வந்தால் குட்டி கருவிலேயே இறந்துவிடும், அப்பாவிடமிருந்து வந்தால் பிழைத்துக்கொள்ளும். 1970-களிலிருந்தே எலி ஜெனெடிக்ஸ்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் அது. பார்லோ 2017-இல் காலமானார்.

28 ஒன்றும் லேட் இல்லை. நான்கு வருடம் மெட்டாஃபேஸ் ஸ்லைடு பார்த்த கண் உங்களுடையது. டிரிப்சின் (பட்டைகளை வரவைக்கும் என்சைம்) ஒரு நிமிடம் கூடிப்போனால் பட்டை எப்படிக் கெடும் என்று உங்களுக்குப் பழக்கத்தில் தெரியும். எம்.எஸ்சி. முடித்த கையோடு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை வர இரண்டு வருடம் பிடிக்கிறது, நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுங்கள். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, தங்கும் வசதி இல்லாவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. கல்யாணம் ஆனால் படிப்பு நிற்க வேண்டியதில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு, படிப்பை முடிக்கவும் கூடுதல் அவகாசம் தருகிறார்கள். பேராசிரியர் வேலை உறுதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது நிஜமில்லை. இடங்கள் குறைவு, போஸ்ட்-டாக் என்று இன்னும் சில வருடம் போகும். ஆனால் கேரியோடைப் அனுபவமும் பிஎச்.டி.யும் சேர்ந்த ஒருவருக்கு மரபணுப் பரிசோதனைக் கூடங்களில் ரிப்போர்ட் எழுதும் பொறுப்பு, மரபணு ஆலோசனை என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. எந்தக் கதவானாலும் 'ஆர்' அல்லது பைதான் புரோகிராமிங் தெரியுமா என்று கேட்பார்கள், முதல் ஆண்டிலேயே ஆரம்பித்துவிடுங்கள். டேட்டாவை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற நிலை வேண்டாம்.

சேர்வதற்கு முன் ஈ லேபுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கைடிடம் பேசுவதோடு நிறுத்தாமல், அவர் இல்லாத நேரத்தில் மாணவர்களோடு டீ குடிக்கப் போங்கள். கடைசியாக முடித்துப்போனவர் எத்தனை ஆண்டில் முடித்தார், இப்போது எங்கே இருக்கிறார், நடுவில் விட்டுப்போனவர்கள் உண்டா என்று விசாரியுங்கள். கைடு சொன்ன யோசனை தப்பு என்று சோதனையில் வந்தபோது அவர் என்ன செய்தார் என்று கட்டாயம் கேளுங்கள். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினால், ஈயாக இருந்தாலும் அந்த லேப் வேண்டாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கான சம்பவம் ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள் என்றால் சேர்ந்துவிடலாம். அந்தத் திட்டுக் கண் ஈ அவர்களிடம் கட்டாயம் இருக்கும், மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

போகும் முன் இன்னொரு வேலை. உங்கள் பரிசோதனைக் கூடத்தின் டாக்டரிடம் சொல்லி, அந்தக் குழந்தையின் குடும்பத்தை மரபணு ஆலோசனைக்கு அழைக்கச் சொல்லுங்கள். விடுபாடா, இரண்டும் அம்மாவிடமிருந்து வந்ததா, முத்திரை மையமா என்று பார்க்கும் டெஸ்டைச் செய்துவிடச் சொல்லுங்கள். "உங்களால் வந்ததில்லை" என்று அந்த அம்மாவிடம் யாராவது நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். டாக்டர் சம்மதித்தால் அப்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள்.